சாய்ந்து நின்ற பித்தளைத் தாங்கி: ஒரு பழுதுபார்ப்புப் பதிவு

பழைய மெழுகுவர்த்தித் தாங்கி எது கைக்கு வந்தாலும் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்பேன். மேற்பகுதியைத் தலைமுறை தலைமுறையாக யாராவது தேய்த்திருப்பார்கள். அங்கே செய்தவரின் கையைவிடத் தேய்த்தவரின் கைதான் அதிகம் தெரியும். அடிப்பகுதியை யாரும் சீண்டுவதில்லை. வார்ப்பு மணலின் சொரசொரப்பு, கடைசல் உளி ஓடிய வட்டக் கோடுகள், பழுதுபார்த்தவர் சிந்திவிட்டுப் போன ஈயத் துளி எல்லாம் அங்கே அப்படியே இருக்கும்.

இந்த முறை மேசைக்கு வந்தவை நான்கு. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பித்தளை ஜோடி. அதில் ஒன்று சாய்ந்து நின்றது, மற்றதன் அடியிலுள்ள பொத்தான் எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை. வெள்ளி முலாம் பூசிய ஒன்று; ஆட்டினால் உள்ளே ஏதோ கலகலத்தது. நான்காவது பொன்னிறத்தில் மினுங்கியது. மற்றவற்றோடு இலவச இணைப்பாக வந்து சேர்ந்தது. அலமாரியில் அழகாக நிற்க வேண்டும், எப்போதாவது ஏற்றவும் வேண்டும், அவ்வளவுதான் தேவை. எனவே வேலையின் வரிசையை முதலிலேயே முடிவுசெய்துகொண்டேன். உலோகம் எது என்று உறுதிசெய்வது, நேராக நிற்கவைப்பது, இயங்க வேண்டியதை இயங்கவைப்பது, எல்லாம் முடிந்த பிறகு துடைப்பது. பலரும் இந்தக் கடைசி வேலையை முதலில் செய்துவிட்டு, அதோடு நிறுத்தியும் விடுகிறார்கள்.

என்ன உலோகம்

காந்தம் முதல் சோதனை. ஒட்டினால் உள்ளே இரும்பு. மேலே இருப்பது வெறும் பித்தளை முலாம். ஒட்டாவிட்டால் பித்தளை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து துத்தநாகத்தில் வார்த்துப் பொன்னிறமோ வெண்கல நிறமோ ஏற்றிய அலங்காரப் பொருள்கள் ஏராளமாக வந்தன. துத்தநாகமும் காந்தத்துக்கு மசியாது. அடிப்பக்கம், கண்ணில் படாத மூலையில் ஊசி முனையால் மெல்லக் கீறினால் விடை கிடைத்துவிடும். உள்ளே மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகக் கலவை.

கீற மனமில்லாதவர்களுக்குத் தண்ணீர் இருக்கிறது. மின்னணுத் தராசில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்யமாக்கிவிட்டு, தாங்கியை நூலில் கட்டி, வாளியின் அடியைத் தொடாமல் முழுவதும் மூழ்கும்படி இறக்க வேண்டும். தராசு காட்டும் கிராம் கணக்குதான் பொருளின் கன சென்டிமீட்டர் அளவு. என் பித்தளைத் தாங்கியின் எடை 640 கிராம். தண்ணீரில் தராசு காட்டியது 76. வகுத்தால் 8.4, அதுதான் அடர்த்தி. பித்தளைக்கு 8.4 முதல் 8.7 வரை வரும் என்பதால் அது தேறிவிட்டது. பொன்னிறத் தாங்கி 455 கிராம், தண்ணீரில் 68, வகுத்தால் 6.7. துத்தநாகக் கலவை என்பது ஊர்ஜிதமாகிவிட்டது. தண்டுக்குள் காற்று சிக்கிக்கொண்டால் கணக்குப் பிசகும். ஆகையால் மூழ்கடித்த பிறகு தாங்கியைச் சாய்த்து, குமிழி வருவது நிற்கும்வரை குலுக்க வேண்டும். உள்ளே வேறு ஏதாவது அடைத்து மூடிய தாங்கிக்கு இந்தச் சோதனை உதவாது.

எந்தக் காலத்தது

பித்தளைத் தாங்கியின் வயதைச் சொல்வதில் தண்டின் உட்புறத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இங்கிலாந்தில் தண்டை நெடுவாக்கில் இரண்டு பாதிகளாக வார்த்து, பிறகு சேர்த்துப் பற்றவைத்தார்கள். முழுத் தண்டையும் கெட்டியாக வார்ப்பதைவிட இதில் உலோகம் மிச்சம். அந்தப் பற்றுக் கோடு எதிரெதிர்ப் பக்கங்களில் மேலிருந்து கீழ்வரை ஓடும். மெருகேற்றிய தண்டில் சட்டென்று தெரியாது. வாயால் ஊதி ஆவி படியவைத்தால் ஒரு நொடி கோடு எழுந்து மறையும். அதன் பிறகு உட்கருவை வைத்துத் தண்டை ஒரே துண்டாகப் பொள்ளலாக வார்க்கும் முறை பரவியது.

என் ஜோடியில் கோடு இல்லை. தண்டு அடித்தட்டோடு மரையால் இணைகிறது. தண்டின் நடுவே வர்த்தியை மேலே தள்ளும் கம்பி ஒன்று ஓடுகிறது. அடித்தட்டின் உட்புறம் மணல் வார்ப்பின் சொரசொரப்போடு இருக்கிறது. விளிம்பில் மட்டும்தான் கடைசல் பிடித்திருக்கிறார்கள். இவையெல்லாம் 19ஆம் நூற்றாண்டுப் பட்டறைகளின் வழக்கம். 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் வடிவமைப்பைப் பதிவுசெய்த பொருளில் சாய்சதுர முத்திரை இருக்கும். 1884இலிருந்து வெறும் பதிவு எண். இரண்டும் என் தாங்கிகளில் இல்லை. அதே அச்சுகளை வைத்து 20ஆம் நூற்றாண்டிலும் வார்த்துத் தள்ளியிருக்கிறார்கள் என்பதால் ‘விக்டோரியா காலம்’ என்று சீட்டு ஒட்டத் தயங்குகிறேன். தேய்மானம் ஓரளவு துணைக்கு வருகிறது. பொத்தானின் நடுப்பகுதியும், கட்டைவிரல் பிடிக்கும் அடித்தட்டின் விளிம்பும் மழுங்கியிருக்கின்றன. யாரும் தொட வாய்ப்பில்லாத இடங்கள் கூர்மையாக இருக்கின்றன. எல்லா இடமும் ஒரேயடியாகத் தேய்ந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

நிறத்தைப் பார்த்து வயது சொல்பவர்கள் உண்டு. அதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஐரோப்பாவில் வெகுகாலம் துத்தநாகத் தாதுவையும் கரியையும் செம்போடு மூடிச் சூடாக்கித்தான் பித்தளை செய்தார்கள். அந்த முறையில் துத்தநாகம் ஏறத்தாழ 30 சதவீதத்தைத் தாண்டுவது கடினம். துத்தநாகத்தைக் காய்ச்சி வடிக்க வில்லியம் சாம்பியன் 1738இல் காப்புரிமை பெற்றார். உலோகத் துத்தநாகத்தை நேரடியாகச் செம்போடு சேர்த்து உருக்க ஜேம்ஸ் எமர்சன் 1781இல் பெற்றார். (ராஜஸ்தானின் ஜாவரில் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே துத்தநாகத்தைக் காய்ச்சி வடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.) அதன் பிறகு துத்தநாகத்தின் அளவு ஏற ஏறப் பித்தளை வெளிர் மஞ்சளானது. பழையது கொஞ்சம் சிவந்திருக்கும் என்பது இதிலிருந்து வந்த கணக்கு. ஆனால் கண்ணை மட்டும் நம்பி இந்தக் கணக்கைப் போட முடியாது. எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்டு எடுத்த புதுத் தாங்கியும் சிவப்பாகத்தான் இருக்கும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அசையாத பொத்தான்

வர்த்தி எரிந்து குறையக் குறைய அடியிலிருந்து பொத்தானை அழுத்தினால், தண்டுக்குள் இருக்கும் கம்பி மேலேறி, வர்த்தி நிற்கும் குழியின் தரையில் உள்ள வட்டத் தகட்டை உயர்த்தும். கடைசித் துண்டை வெளியே தள்ளவும் இதே கம்பிதான். இந்த ஏற்பாடு வருவதற்கு முன்பு குழியின் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும். அதன் வழியே கத்தி முனையை விட்டு மெழுகைக் கிளப்புவார்கள். பழைய தாங்கிகளில் அந்தத் துளையைச் சுற்றி நெம்பிய வடுக்களைப் பார்க்கலாம்.

என் தாங்கியில் தகட்டைச் சுற்றி மெழுகு இறுகியிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது மெழுகின் ஓரம் கடல்பச்சை நிறத்தில் இருந்தது. மெழுகுக்குச் சாயம் ஏற்றியதால் வந்த பச்சை அல்ல அது. பழைய வர்த்திகள் விலங்குக் கொழுப்பில் செய்தவை. 1825இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் ஷெவ்ரெலும் கே-லுசாக்கும் காப்புரிமை பெற்ற பிறகு கொழுப்பிலிருந்து பிரித்த ஸ்டியரின் புழக்கத்துக்கு வந்தது. இரண்டிலுமே கொழுப்பு அமிலம் உண்டு. அது பித்தளையிலுள்ள செம்போடு சேர்ந்து பச்சைச் சவர்க்காரமாக மாறிவிடும். தொட்டால் மெழுகைவிட வழவழப்பாக, விரலில் அப்பிக்கொள்ளும். பாரஃபின் மெழுகு மட்டும் பட்டிருந்தால் இவ்வளவு பச்சை வந்திருக்காது.

கீழிருந்து சுத்தியால் ஒரு தட்டுத் தட்டலாமே என்று கை பரபரக்கத்தான் செய்யும். கூடவே கூடாது. கம்பியின் நுனியில் அந்தத் தகடு மெல்லிய தறையாணியால்தான் அடிக்கப்பட்டிருக்கிறது. தட்டினால் ஒன்று கம்பி வளையும், இல்லையென்றால் தகடு கழன்று குழிக்குள் குறுக்காக மாட்டிக்கொள்ளும். பாரஃபின் 46இலிருந்து 68 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். தேன்மெழுகு 62 முதல் 64. ஆகவே 70 டிகிரிச் சுடுநீர் போதும். ஆழமான பழைய பாத்திரத்தில் தாங்கியைத் தலைகீழாக நிறுத்தி நீரை ஊற்றினேன். முதலில் குழியிலிருந்து சின்னக் குமிழிகள் வந்தன. பிறகு மெழுகு எண்ணெய்த் துளிகளாக மிதந்து மேலே வந்தது. நீர் ஆறும்போது மேலே படலமாக உறையும் மெழுகை அப்படியே தோசைத் திருப்பியால் எடுத்துவிடலாம். அந்த நீரைத் தொட்டியில் கொட்டினால் குழாய்க்குள் மெழுகு உறைந்து, அடுத்த பழுதுபார்ப்புப் பதிவை அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கும்.

சுடுநீரை மாற்றி மாற்றி ஊற்றிய பின் பொத்தான் நெல்மணி அளவு அசைந்தது. அழுத்தாமல், இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே இருந்தேன். பொத்தான் மரையில் மாட்டப்பட்டது என்பதால் கழன்று வந்துவிட்டது. கம்பியை மேல் வழியாக உருவ முடிந்தது. கம்பி இரும்பு. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். ஏற்கெனவே குறுகலான பித்தளைத் துளைக்குள் அது பருத்ததும் சேர்ந்துதான் கம்பி இறுகியிருக்கிறது. நுண்ணிய எமரித் தாளால் துருவை மட்டும் எடுத்தேன், கம்பியை மெலியவைக்கவில்லை. தண்டின் உட்புறத்தில் எஞ்சியிருந்த பச்சைச் சவர்க்காரத்தை, மூங்கில் குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, கனிம டர்பன்டைனில் நனைத்துத் துடைத்தேன். பஞ்சு பச்சையாக வருவது நின்ற பிறகே நிறுத்தினேன். கம்பிக்கு எண்ணெய் போடவில்லை. எண்ணெய் தூசியையும் கரியையும் சேர்த்துப் பசையாக்கிவிடும். மெழுகை மெல்லப் பூசித் துடைத்துவிட்டேன். இப்போது கட்டைவிரலின் மெல்லிய அழுத்தத்துக்கே தகடு ஏறி இறங்குகிறது.

சாய்வு எங்கே இருக்கிறது

சாய்ந்த தாங்கியைக் கண்டதும் தண்டை வளைத்து நிமிர்த்தப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. வார்த்த பித்தளை வளைவதைவிட முறிவதில் விருப்பமுள்ள உலோகம். எங்கே கோணல் என்று தெரியாமல் கைவைக்கக் கூடாது.

சமமான கண்ணாடிப் பலகையில் தாங்கியை நிறுத்தி, பக்கத்தில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். பிறகு தாங்கியைக் கால்வட்டம் கால்வட்டமாகத் திருப்பினேன். சாய்வு எப்போதும் அறையின் ஒரே திசையில் இருந்தால் பலகைதான் குற்றவாளி. தாங்கியோடு சேர்ந்து சாய்வும் சுற்றினால் கோணல் தாங்கியில். என்னுடையது சுற்றியது. அடித்தட்டின் விளிம்புக்கடியில் தாளைச் செருகிப் பார்த்தேன், எங்கும் நுழையவில்லை. அடித்தட்டு சமம். தண்டை மட்டும் கண்ணாடியில் படுக்கவைத்து உருட்டினால் அது நேரா வளைவா என்று தெரிந்துவிடும். அதற்குத் தண்டைக் கழற்ற வேண்டும்.

இறுகிய மரையைக் கழற்ற வெப்பத்தைவிடப் பொறுமை முக்கியம், ஆனால் வெப்பமும் வேண்டும். மூட்டில் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு வைத்தேன். பிறகு அடித்தட்டை மட்டும் சுடுநீரில் இறக்கினேன். வெளியே இருக்கும் பெண்மரை முதலில் விரியட்டும் என்பதற்காக இது. வைஸில் நேரடியாகப் பிடித்தால் தண்டின் வளையங்களில் பல் பதிந்துவிடும். எனவே இரண்டு மரக்கட்டைகளில் ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டி, நடுவே தோலை மடித்துவைத்து இறுக்கினேன். ரப்பர் கையுறையோடு அடித்தட்டைத் திருப்பியதும் முனகிக்கொண்டே கழன்றது.

உள்ளே முன்பு யாரோ செய்த வேலை முழுவதும் வெளிப்பட்டது. மரை பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. லொடலொடவென்று ஆடிய தண்டை நிறுத்த, மூட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் ஈயச் சால்டரை ஊற்றியிருக்கிறார். அது ஆறி இறுகியபோது தண்டை மறுபக்கம் தள்ளிவிட்டது. தண்டு நேராகத்தான் இருந்தது. இத்தனை காலமும் சாய்வுக்குக் காரணம் பழுதல்ல, பழுதுபார்ப்பு.

சால்டரை எடுக்கத்தான் நேரம் பிடித்தது. வெள்ளீயமும் ஈயமும் கலந்த சாதாரணச் சால்டர் 183 டிகிரியில் இளகத் தொடங்கும். சூடான இரும்பை வைத்து உருக்கி, செம்புப் பின்னல் நாடாவில் உறிஞ்சி எடுத்தேன். ஜன்னல்களைத் திறந்துவைத்து, கையுறை போட்டு, வேலை முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடைத்தேன். ஈயத் தூசி விஷயத்தில் அலட்சியம் கூடாது. பழைய பித்தளையிலேயே கொஞ்சம் ஈயம் இருக்கும் என்பதால் தேய்க்கும்போது வரும் கறுப்பு அழுக்கையும் வெறுங்கையால் தொடுவதில்லை.

இதை ஏன் வெண்காரம் போட்டுப் பித்தளைப் பற்றாகவே வைத்துவிடக் கூடாது என்று கேட்கலாம். எவ்வளவு உறிஞ்சினாலும் மரையின் பள்ளங்களில் ஈயம் எஞ்சியிருக்கும். பித்தளைப் பற்றுக்கு வேண்டிய வெப்பத்தில் அந்த ஈயம் பித்தளையை அரித்துக் குழி விழவைக்கும். அதோடு, பற்றவைத்துவிட்டால் அடுத்தவர் கழற்றவே முடியாது. முன்னவர் செய்த அதே குற்றத்தை நானும் சற்று நேர்த்தியாகச் செய்ததாக ஆகிவிடும். புது மரை வெட்டலாமா என்றும் பார்த்தேன். மரைக் கேஜை வைத்தால் மெட்ரிக் அளவு எதுவும் உட்காரவில்லை. ஆங்கிலப் பொறியாளர் விட்வொர்த் 1841இல் 55 டிகிரி கோண மரையைப் பொது அளவாக முன்வைத்தார். மெட்ரிக் மரை 60 டிகிரி. பல பட்டறைகள் தங்கள் இஷ்டத்துக்கும் மரை வெட்டின. எஞ்சியிருக்கும் மரையை வெட்டியெறிய எனக்கு மனமில்லை.

ஆகவே எதையும் வெட்டாமல், உருக்காமல் ஒரு வழி. 0.1 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டில் மெல்லிய பட்டை வெட்டி, தண்டின் மரையில் ஒரு சுற்றுச் சுற்றி, அதோடு சேர்த்து முறுக்கினேன். ஆட்டம் போய்விட்டது. ஆனால் முன்னவர் சரிசெய்கிறேன் என்று மூட்டின் தோளையும் ஒரு பக்கம் அரத்தால் ராவியிருந்ததால் கொஞ்சம் சாய்வு மிச்சம் இருந்தது. மூட்டிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரத்தில், தண்டின் உச்சி 5 மில்லிமீட்டர் விலகியிருந்தது. மூட்டின் விட்டம் 30 மில்லிமீட்டர். ஐந்தை 220ஆல் வகுத்து முப்பதால் பெருக்கினால் ஏறத்தாழ 0.7. அதாவது ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட 0.7 மில்லிமீட்டர் தடிமனான வாஷர் ஒன்று போதும். ஒரு மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டில் வளையம் வெட்டி, கண்ணாடிமேல் ஒட்டிய எமரித் தாளில் ஒரு பக்கத்தை மட்டும் அழுத்தித் தேய்த்துச் சரிவு கொண்டுவந்தேன். காலிப்பரால் அளந்து அளந்து தேய்த்ததில், தடித்த பக்கம் ஒன்றும் மெலிந்த பக்கம் 0.3ஆகவும் நின்றது. வாஷரின் எந்தப் பக்கம் எங்கே வரவேண்டும் என்று அடியில் ஒரு புள்ளி குத்திவைத்திருக்கிறேன். முறுக்கி மூலைமட்டத்தை வைத்தால் இடைவெளியே தெரியவில்லை. வேண்டாம் என்று யாராவது நினைத்தால் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம்.

எவ்வளவு துடைப்பது

இரண்டு தாங்கிகளிலும் பழைய லாக்கர் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. பூச்சில் கீறல் விழுந்த இடத்தில் காற்று நுழைந்து, அடியில் பழுப்புக் கோடுகள் கிளை பரப்பியிருந்தன. எந்தப் பூச்சு என்று தெரிய, பஞ்சில் முதலில் ஸ்பிரிட், பிறகு அசிட்டோன். ஸ்பிரிட்டில் கரைந்தால் பெரும்பாலும் அரக்குப் பூச்சு. அசிட்டோனில் கரைந்தால் நைட்ரோசெல்லுலோஸோ அக்ரிலிக்கோ. என்னுடையது அசிட்டோனில் வழிந்தது. அது எளிதில் தீப்பற்றும் திரவம். காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் சுடர் எதுவும் இல்லாமல்தான் இந்த வேலை.

பித்தளையை அமிலத்தில் போடாதீர்கள் என்று சொல்லி அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்கிறேன். எலுமிச்சை, புளி, வினிகர் எதுவானாலும் களிம்போடு சேர்த்துப் பரப்பிலிருக்கும் துத்தநாகத்தையும் கரைத்துவிடும். எஞ்சுவது செம்பு. அதனால்தான் ஊறவைத்து எடுத்த பித்தளை இளஞ்சிவப்பாக நிற்கிறது. பழமையின் அடையாளம் என்று பலர் நினைக்கும் சிவப்பு இப்படி வந்ததாகவும் இருக்கலாம். ஊறுவதும் கழுவுவதும் அன்றாடம் புழங்கும் பாத்திரத்துக்குச் சரி. நுண்ணிய கடைசல் விளிம்புகள் உள்ள அலங்காரப் பொருளுக்கு அது அதிகம்.

அம்மோனியா கலந்த மெருகுத் திரவங்கள் பற்றி ஒரு பழைய கதை உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள், யாரும் தொடாமலே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும், உறையை இழுத்து வடித்தபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்துதான் காரணம் என்று 1921இல் விளக்கம் கிடைத்தது. வார்த்த தண்டுக்கு இந்த ஆபத்து குறைவு. தகட்டை அழுத்தி வடித்த மெழுகுத் தட்டு, மடிப்பு விளிம்பு போன்றவற்றில் அம்மோனியாத் திரவத்தை நான் பயன்படுத்துவதில்லை. எஃகு நார், மோட்டாரில் சுழலும் மெருகுச் சக்கரம் இரண்டுக்கும் என் மேசையில் இடமில்லை. சக்கரம் ஒரு நிமிடத்தில் கண்ணைப் பறிக்கும் பளபளப்பைத் தரும். கடைசல்காரர் விட்ட கூர் விளிம்புகளை அதே நிமிடத்தில் மழுக்கிவிடும். மழுங்கிய விளிம்பைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது.

நான் செய்தது சாதாரண வேலை. மென்மையான சோப்பு நீரில் கழுவி உலர்த்தினேன். நுண்ணிய சுண்ணாம்புக்கல் பொடியைத் தண்ணீரும் ஸ்பிரிட்டும் விட்டுக் குழைத்து, பருத்தித் துணியில் தொட்டு, தண்டின் புடைப்புகளை மட்டும் தேய்த்தேன். பள்ளங்களில் இருந்த கருமையை அப்படியே விட்டேன். அந்தக் கருமை இருப்பதால்தான் வளையங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. எல்லாப் பள்ளத்தையும் குடைந்து மஞ்சளாக்கினால் தண்டு வெறும் மினுக்கமாகிவிடும், உருவம் போய்விடும். பழைய மெருகுப் பசை காய்ந்து வெள்ளைக் கறையாக நின்ற இடங்களை மட்டும் கூர் சீவிய மூங்கிலால் சுடுநீர் தொட்டு எடுத்தேன். அது அழுக்கு, பழமை அல்ல.

பூச்சு விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. 1960களில் செம்பு உலோகங்களுக்கென்றே உருவாக்கிய இன்க்ராலாக் போன்ற அக்ரிலிக் லாக்கர் நெடுநாள் தாங்கும். வர்த்தி ஏற்றும் தாங்கியில், சுடருக்குப் பக்கத்தில் பூச்சு சூடேறும், மெழுகைச் சுரண்டும்போது கீறலும் விழும். அங்கிருந்து மீண்டும் அதே பழுப்புக் கிளைகள். நான் நுண்படிக மெழுகுப் பக்கம். 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவான ரெனைசான்ஸ் வாக்ஸ் இந்த வகைதான். மெல்லப் பூசி, உலர்ந்ததும் துணியால் துடைத்துவிட்டேன். குழிக்குள் பூசவில்லை.

மற்ற இரண்டும்

வெள்ளி முலாம் தாங்கியின் மூலைகளில் செம்பு தெரிகிறது. இதைக் கண்டதும் ‘ஷெஃபீல்ட் பிளேட்’ என்று சொல்லிவிடுவார்கள். 1743 வாக்கில் தாமஸ் போல்சோவர் கண்டறிந்த அந்த முறையில், வெள்ளித் தகட்டையும் செம்புத் தகட்டையும் சூட்டில் ஒட்டவைத்து, பிறகு வடிவமைப்பார்கள். வெட்டிய விளிம்பில் செம்பு தெரியாமலிருக்க வெள்ளிக் கம்பியை மடித்து மூடியிருப்பார்கள். 1840இல் எல்கிங்டன் மின்முலாமுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு வடிவம் முதலில், வெள்ளி பிறகு என்று வரிசை மாறியது. என்னுடையதில் மடித்த விளிம்பும் இல்லை, தகடு சேர்ந்த தையலும் இல்லை. தேயாத இடங்களில் எல்லாம் வெள்ளி ஒரே சீராகப் படர்ந்திருக்கிறது. மின்முலாம்தான்.

கலகலப்புக்குக் காரணம் உள்ளே கனத்துக்காக அடைத்த பொருள் உதிர்ந்தது. தகட்டில் செய்த தாங்கிகள் கவிழாமலிருக்க உள்ளே கீலையோ (தார் போன்ற பிசின்) பாரிஸ் சாந்தையோ அடைப்பார்கள். கீல் சுடுநீரிலேயே இளகி, தையல் வழியாகக் கசியும். சாந்து நீரை உறிஞ்சிக்கொண்டு உள்ளிருந்தே உலோகத்தைக் கெடுக்கும். எனவே இதற்குச் சுடுநீர் கிடையாது. அலுமினியத் தாளும் சோடாவும் போட்ட நீரில் வெள்ளியின் கருமையைப் போக்கும் வித்தையும் மூழ்கடிப்பதுதான் என்பதால் அதுவும் கிடையாது. ஈரம் பிழிந்த துணி, அதே சுண்ணாம்புக்கல் பொடி, மெல்லிய கை. ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் வெள்ளி துணியோடு போகிறது என்ற நினைப்போடு தேய்த்தால் கை தானாகவே இளகிவிடும். தெரிகிற செம்பு தெரியட்டும். மறுமுலாம் போட்டால் புதிதாகிவிடும். புதியது வேண்டுமென்றால் புதியதையே வாங்கியிருக்கலாம்.

துத்தநாகத் தாங்கிக்குத் தூசி தட்டியதோடு சரி. அதன் பொன்னிறம் மேற்பூச்சு மட்டுமே. தேய்த்தால் சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும், பிறகு எதுவும் செய்வதற்கில்லை.

நிறுத்தும் இடம்

நான்கையும் ஒரே உயரத்தில் வரிசையாக நிறுத்தினால் அணிவகுப்பாகிவிடுகிறது. ஜோடியை அடுத்தடுத்து, இருண்ட பின்னணியில், முலாம் தாங்கியைச் சற்றுத் தள்ளிப் பின்னால் வைத்தேன். பித்தளையின் மஞ்சளும் தேய்ந்த வெள்ளியின் சாம்பலும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டுகின்றன. துத்தநாகத் தாங்கி தனியாக, தூரத்தில்.

அடியில் ஒட்டும் ஃபெல்ட் கம்பளியாக இருக்கக் கூடாது. கம்பளியிலிருந்து வரும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். செயற்கை இழை ஃபெல்ட் நல்லது. வெள்ளீயத் தாங்கி வைத்திருப்பவர்கள் ஓக் மர அலமாரிக்குள் பூட்டிவைக்க வேண்டாம். அந்த மரத்திலிருந்து வரும் அமில ஆவி, பழைய வெள்ளீயக் கலவையிலுள்ள ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும். வெள்ளீயத்துக்குச் சூடும் ஆகாது. ஏறத்தாழ 230 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம் அது. வர்த்தியைக் குழி வரைக்கும் எரியவிடுவது அதற்கு எமன்.

இன்று கிடைக்கும் நீள வர்த்திகளின் அடிப்பாகம் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் விட்டம். என் குழிகள் 21. குழியை விரிக்க யோசிக்கவே வேண்டாம். வர்த்தியின் அடியைச் சுடுநீரில் கொஞ்ச நேரம் பிடித்து, விரலால் உருட்டிச் சிறிதாக்கிச் செருகுகிறேன். செருகுவதற்கு முன் குழியின் தரையில் அலுமினியத் தாளை வட்டமாக வெட்டிப் போடுகிறேன், ஓரம் சற்று மேலே மடிந்திருக்கும்படி. உருகிய மெழுகு தள்ளுதகட்டின் இடுக்கில் இறங்காமல் அது தடுக்கிறது. வர்த்தி இரண்டு விரல் உயரத்துக்கு வந்ததும் அணைத்துவிட்டு, பொத்தானை அழுத்தினால் தாளோடு சேர்ந்து துண்டு மேலே வந்துவிடுகிறது.

வாஷர் போட்ட தாங்கி இப்போது மற்றதைவிட அரை மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாக உயர்ந்து நிற்கிறது. மற்றதற்கும் ஒரு வாஷர் வெட்டிப் போடலாம்தான். அதன் மூட்டு இதுவரை யாரும் கழற்றாத மூட்டு. அதை நானும் கழற்றப்போவதில்லை.